மாப்பிள்ளை குடித்த மருந்து

2024-ம் வருஷத் தீபாவளியன்று மத்தியானம் இரண்டரை மணிக்கு, கும்பகோணத்தில் மாமனார் வீட்டுக் கொல்லைப்புறத்தில், துணி துவைக்கிற கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். முகம் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்ததாம் (பார்த்தவர்கள் சொன்னது). நெஞ்சு, பக்கத்து வீட்டுப் பையன் கொளுத்திப் போட்ட ஆயிரம் வாலாவுக்குப் போட்டியாக அடித்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து மாமனாரின் குரல்:

"நல்ல நாள் அதுவுமா குடிச்சுட்டு வந்திருக்கான் பாரு!"

ஸார், சத்தியமாகச் சொல்கிறேன். அன்றைக்கு நான் குடியை நிறுத்துகிற மாத்திரை ஆரம்பித்து நூற்றுப் பதினாறாவது நாள். ஒரு சொட்டு தொட்டதில்லை. பெண்டாட்டியையும் குழந்தையையும் கையோடு அழைத்துப் போகலாம் என்று வந்த இடத்தில், குடிக்காத மனுஷனுக்குக் குடிகாரப் பட்டம்!

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

நான் சென்னையில் ஒரு ஆபீஸில் பில் செக்‌ஷன் குமாஸ்தா. சனிக்கிழமை மட்டும் என்று ஆரம்பித்தது. அப்புறம் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையின் சொந்தக்காரன்தானே என்று தோன்றியது. அப்படியே உறவு விட்டுப் போகக்கூடாதென்று வியாழன், புதன் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, கடைசியில் தினமும் ஒரு குவார்ட்டர் என்று நிலைபெற்றது. மனைவிக்கு மூன்று முறை சத்தியம் செய்து கொடுத்தேன். மூன்றும் போச்சு. நான்காவது முறை சத்தியம் செய்யக் கையை நீட்டியபோது அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு, குழந்தையோடு கும்பகோணம் ரயில் ஏறிவிட்டாள். அது 2024 மே மாதம்.

ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். டி.வி.யில் அந்த வரிசை வரிசையான சிதைகளைப் பார்த்துவிட்டு நான் ராத்திரி பூராவும் தூங்கவில்லை. நான் குடித்தது அது இல்லைதான். ஆனால், கடை திறப்பதற்கு முன்னால் விடிகாலையில் சந்துக்குள் 'பிளாக்'கில் வாங்கிக் குடிக்கிற அளவுக்கு வந்திருந்தேன். அதற்குள் என்ன இருந்தது என்று யார் கண்டது?

எங்கள் ஹெட் கிளார்க்தான் என்னை ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் ரொம்பப் பொறுமைசாலி. முதல் கேள்வியே, "ஒரு குவார்ட்டரை உங்க உடம்பு எத்தனை நேரத்துல கரைக்கும்னு நினைக்கறீங்க?"

"தூங்கி எழுந்தா சரியாயிடும் ஸார்."

அவர் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். குவார்ட்டர் என்றால் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். கல்லீரலில் இதைக் கரைப்பதற்கு ஒரு என்ஸைம் இருக்கிறது. ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்று பெயர். சராசரி ஆளுக்கு அது மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் கரைக்குமாம். அதாவது, ராத்திரி பத்து மணிக்கு முடித்த குவார்ட்டர், விடிகாலை வரைக்கும்கூட உள்ளே இருக்கலாம்!

"மோர் குடிச்சா? எலுமிச்சம்பழம்? தலைக்குக் குளிச்சா?" என்று கேட்டேன். எல்லாம் நான் அனுபவரீதியாகக் கடைப்பிடித்து வந்த வைத்தியங்கள்.

"குளிச்ச குடிகாரன் ஆவீங்க. அவ்வளவுதான்."

என்ஸைம் என்பது நம்ம ஆபீஸ் கவுண்டர் கிளார்க் மாதிரி என்றார் டாக்டர். வரிசையில் நாலு பேர் நின்றால் நாலு பேருக்கு ரசீது போடுவார். எட்டு பேர் வந்தால் கொஞ்சம் சுறுசுறுப்பாகி எட்டு பேருக்குப் போடுவார். ஆனால் எண்பது பேர் வந்து நின்றால்? கை எவ்வளவு வேகமாக ஓடுமோ அவ்வளவுதான் ஓடும். கூட்டம் கூடக் கூட வேலை கூடுவது ஒரு எல்லை வரைக்கும்தான். அப்புறம் எத்தனை பேர் வந்தாலும் அதே வேகம், வரிசைதான் நீளும். ஆல்கஹால் விஷயத்தில் அந்த எல்லை ரொம்பச் சீக்கிரம் வந்துவிடுகிறது. ஒன்றிரண்டு பெக்கிலேயே கவுண்டர் 'ஹவுஸ்ஃபுல்.'

(இந்தக் கவுண்டர் விவகாரத்துக்கு முறையான சமன்பாடே இருக்கிறது. 1913-ல் பெர்லினில் மைக்கேலிஸ், மென்டென் என்று இரண்டு பேர் சேர்ந்து, சர்க்கரையை உடைக்கிற ஒரு என்ஸைமை வைத்துப் போட்ட கணக்கு. மென்டென், மாட் மென்டென் என்கிற கனடாக்காரப் பெண்மணி. காலேஜில் இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்து பத்து மார்க் வாங்கியவன்தான் நானும். மார்க் கல்லீரலுக்குப் போய்ச் சேரவில்லை.)

அப்புறம் மாத்திரையைப் பற்றிச் சொன்னார். டைசல்ஃபிரம்.

ஆல்கஹால் கரைவதற்கு ஒரு கவுண்டர் போதாது. முதல் கவுண்டரில் அது அசிட்டால்டிஹைட் என்கிற இன்னொரு சமாசாரமாக மாறும். அது விஷம். உடனே பக்கத்தில் இருக்கிற இரண்டாவது கவுண்டர், ஆல்டிஹைட் டீஹைட்ரஜனேஸ், அதைச் சாதுவான அசிட்டேட்டாக மாற்றி அனுப்பிவிடும். டைசல்ஃபிரம் செய்வது என்னவென்றால், அந்த இரண்டாவது கவுண்டருக்கு ஷட்டரை இழுத்து விடுவது. முதல் கவுண்டர் தன் பாட்டுக்கு ரசீது போட்டு ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். அவர்கள் போக இடமில்லாமல் ஹாலில் நெருக்கியடித்துக்கொண்டு ரகளை செய்வார்கள். முகம் சிவக்கும், தலை தெறிக்கும், வாந்தி, வியர்வை, படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்கும். அளவு அதிகமானால் உயிருக்கே ஆபத்து. சாவு வரை போன கேஸ்கள் உண்டு.

"இது குடிக்கற ஆசையைக் குறைக்கிற மாத்திரை இல்லை. குடிச்சா என்ன ஆகும்னு பயம் காட்டற மாத்திரை. தெரிஞ்சு, சம்மதிச்சு சாப்பிடறவங்களுக்குத்தான் தருவேன்" என்றார்.

இதைக் கண்டுபிடித்த கதை தமாஷானது. இந்தப் பொருளை முதலில் ரப்பர் தொழிலில்தான் உபயோகித்தார்கள். இதே ஜாதி ரசாயனத்தோடு புழங்குகிற தொழிலாளிகளுக்குச் சாயங்காலம் குடித்தால் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு அமெரிக்க டாக்டர் 1937-லேயே எழுதி வைத்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் டென்மார்க்கில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கப்ஸன் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள், வயிற்றுப் பூச்சிக்கு இது ஆகுமா என்று பார்க்கப் போய், தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பூச்சி என்ன ஆயிற்றோ, மது உள்ளே போனவுடன் இரண்டு பேருக்கும் முகம் சிவந்து தலை சுற்றியது. 'எனக்குமா? உனக்குமா?' என்று ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. 1948-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். 1951-ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்துவிட்டது. ஆரம்பத்தில் அளவு தெரியாமல் பெரிய பெரிய டோஸாகக் கொடுத்து விபரீதங்களும் நடந்தன. இப்போது சாதாரணமாகத் தினம் 250 மில்லிகிராம்.

ரத்தப் பரிசோதனை, கல்லீரல் பரிசோதனை, ஈ.ஸி.ஜி. எல்லாம் எடுத்து, சில நாள் குடிக்காமல் இருக்க வைத்து, ஜூலை 8 திங்கட்கிழமை முதல் மாத்திரை. "வீட்ல யாராவது கையால தினமும் வாங்கிச் சாப்பிடுங்க" என்று சொன்னார் டாக்டர். வீட்டில் யார் இருக்கிறார்கள்? சுவர்தான். ஹெட் கிளார்க் பொறுப்பேற்றுக்கொண்டார். மாத்திரை அட்டையை ரப்பர் ஸ்டாம்புகளோடு டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டார். காலை பத்து மணிக்கு அட்டெண்டன்ஸில் கையெழுத்து, பத்தே காலுக்கு மாத்திரை நோட்டில் கையெழுத்து. சனிக்கிழமை சாயங்காலம் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைக் கவரில் போட்டு, மேலே தேதி எழுதிக் கொடுப்பார். முப்பது வருஷ சர்வீஸ் ஸார். பழக்கம் போகாது.

மனைவிக்குச் சொல்லவில்லை. மூன்று சத்தியத்துக்கு மேல் நாலாவதாக ஒரு மாத்திரைக் கதையை எப்படிச் சொல்வது? நின்று காட்டிவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன்.

நடுவில் ஒரு தடவை ஆட்டம் கண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் நண்பனுக்குக் கல்யாணம். ரிஸப்ஷனுக்கு முன்னால் 'பேச்சிலர் பார்ட்டி.' இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்றாம் நாள் ஊற்றிக்கொண்டால் என்ன என்று ஒரு யோசனை. ஹெட் கிளார்க்கிடம் ஜாடையாகக் கேட்டேன். அவர் டாக்டருக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டார்!

டாக்டர் சிரித்தார். சில தடை மருந்துகள் நாற்காலியில் உட்கார்ந்து இடம் பிடிக்கிற ரகம். எழுந்து போய்விட்டால் நாற்காலி காலி. டைசல்ஃபிரம் அப்படி இல்லை. பூட்டுக்குள் ஃபெவிக்விக் ஊற்றுகிற ரகம். மாத்திரையை நிறுத்தினாலும் பழைய பூட்டு திறக்காது. உடம்பு புதிதாக என்ஸைம் செய்து மாட்ட வேண்டும். அதற்கு இரண்டு வாரம் வரை ஆகலாம். அதுவரைக்கும் குடித்தால் அடி விழும். நான் கல்யாணத்தில் ரோஸ் மில்க் குடித்தேன். இரண்டு கிளாஸ்.

ஆக, தீபாவளிக்கு வருவோம்.

மாமியார் நல்லவர். மாப்பிள்ளைமீது கோபம் இருந்தாலும் இலையில் அதைக் காட்டமாட்டார். விடிகாலையில் எண்ணெய், லேகியம், இட்லி, வடை. மத்தியானம் மறுபடியும் வடை, பாயசம், அதிரசம், ஜாங்கிரி. நான் நல்ல பிள்ளையாக எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றரை மணிக்கு மேல் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

"வயிறு மந்தமா இருக்கா மாப்பிள்ளை? இதைக் குடிங்க. சீரகம் போட்டது. சின்னக் குழந்தைக்குக் கூட கொடுக்கலாம்" என்று மாமியார் ஒரு பாட்டிலை எடுத்து வந்தார். ஜீரகாரிஷ்டம். பாட்டிலோடு அளவு மூடி ஒன்று இருந்தது. ஆனால், மாப்பிள்ளைக்கு மூடியில் ஊற்றிக் கொடுப்பது கௌரவக் குறைச்சல் அல்லவா? வெள்ளி டம்ளரில் அரை டம்ளர் ஊற்றினார். நான் ஒரே மடக்கில் குடித்தேன்.

கால் மணி நேரம்தான். அதற்குப் பிறகு துணி துவைக்கிற கல்.

இருமல் டானிக், ஷேவிங் லோஷன், அரிஷ்டம், ஆஸவம் எல்லாவற்றிலும் ஆல்கஹால் இருக்கும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டே ஈ.ஸி.ஜி.க்கு எவ்வளவு ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் திட்டிக்கொண்டிருக்க, மனைவி பக்கத்தில் வந்தாள். முகத்துக்கு அருகே குனிந்தாள். "வாடை அடிக்குது" என்றாள். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த முகத்தை மே மாதம் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். 'நான் குடிக்கலை' என்று சொல்ல வாயைத் திறந்தால் வேறு ஏதேதோ வந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

ஆட்டோவில் ஏற்றி ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்த அழுத்தம் எண்பதுக்குக் கீழே. காலை உயர்த்திப் படுக்க வைத்து ஸலைன் ஏற்றினார்கள். மனைவி என் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். பாட்டில் மூடியோ, பாக்குப் பொட்டலமோ தேடியிருப்பாள் என்று நினைக்கிறேன். பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். 'நான் டைசல்ஃபிரம் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். எனக்கு ஆல்கஹால் கலந்த எதையும் தரக்கூடாது.' கீழே டாக்டர் கையெழுத்து, ஆரம்பித்த தேதி.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் டியூட்டி டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். சின்ன வயசு லேடி டாக்டர்.

"இன்னிக்கு என்னென்ன சாப்பிட்டார்?"

இட்லியில் ஆரம்பித்து ஜாங்கிரி வரைக்கும் பட்டியல் போனது. "கடைசியா... அம்மா ஜீரணத்துக்கு அரிஷ்டம் கொடுத்தாங்க."

"அந்த பாட்டிலை எடுத்துட்டு வாங்க."

மாமனாரே சைக்கிளில் போய் எடுத்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தார். தானாக உண்டாகிற ஆல்கஹால் இருக்கிறது என்று அதிலேயே போட்டிருந்தது. சீரகக் கஷாயத்தில் வெல்லமும் காட்டாத்திப் பூவும் போட்டு மூடி வைத்துப் புளிக்க விடுகிறார்கள். அந்தப் புளிப்பில் வருகிற ஆல்கஹால். அரிஷ்டங்களில் ஐந்திலிருந்து பத்து சதவீதம் சாதாரணம். அரை டம்ளர் என்பது கிட்டத்தட்ட ஒரு கிளாஸ் பீருக்குச் சமம். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

ராத்திரி என்னை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். மாமனார் துணைக்கு இருந்தார். ரயில்வேயில் முப்பத்து மூன்று வருஷம் புக்கிங் கவுண்டரில் உட்கார்ந்தவர். ஒன்பது மணி வாக்கில் மெதுவாக ஆரம்பித்தார். "அந்த மாத்திரை என்னதான் பண்ணுது?"

சென்னை டாக்டர் சொன்ன கவுண்டர் கதையைச் சொன்னேன். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"சரி, கள்ளக்குறிச்சியில என்ன ஆச்சு?"

"அதுவும் அதே முதல் கவுண்டர்தான் மாமா. மெத்தனால் அப்படியே இருந்தா அவ்வளவு மோசமில்லை. நம்ம என்ஸைம் அதைப் பிடிச்சு ஃபார்மால்டிஹைடா மாத்திடும். அப்புறம் அது ஃபார்மிக் ஆஸிட். அதுதான் கண்ணைக் குருடாக்கறது, ஆளைக் கொல்றது."

"அப்போ அந்தக் கவுண்டரை மூடிட்டா?"

"அதைத்தான் பண்றாங்க. ஃபோமெபிஸோல்னு ஒரு ஊசி. அது வந்து கவுண்டர்ல இடத்தைப் பிடிச்சுக்கும். அது இல்லாத ஊர்ல சுத்தமான எத்தனாலையே மருந்தா ஏத்துவாங்க. என்ஸைமுக்கு மெத்தனாலைவிட எத்தனால்மேல பல மடங்கு பிரியம். சீனியர் சிட்டிஸன் வரிசை மாதிரி, அது வந்தா அதுக்குத்தான் முதல்ல டிக்கெட். மெத்தனால் வெளியிலேயே நின்னு, மூச்சு வழியா, சிறுநீர் வழியா, டயாலிஸிஸ் வழியா போயிடும்."

"சாராயத்துக்குச் சாராயமே மருந்தா!"

"ஆஸ்பத்திரியில, ரத்தத்துல அளவு பார்த்துப் பார்த்துத்தான் மாமா. வீட்ல ஊத்திக் கொடுத்தா ரெண்டும் சேர்ந்து கொன்னுடும்." இதை அவசரமாகச் சொன்னேன். பக்கத்துப் படுக்கைக்காரர் ரொம்ப ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமனார் கொஞ்ச நேரம் யோசித்தார். கவுண்டர்காரர் மூளை. சரியான கேள்வியைக் கேட்டார்: "இடம் பிடிக்கற கேஸ்ல, எதிராளி கூட்டத்தைக் கூட்டிட்டு வந்தா ஜெயிச்சுடலாமே? அப்போ உங்க மாத்திரையையும், நிறையக் குடிச்சு ஜெயிச்சுடலாமா?"

"முதல்ல சொன்னது சரி மாமா. இடம் பிடிக்கற தடையில யார் அளவு அதிகமோ அவங்க பக்கம்தான் கவுண்டர். அதனாலதான் மருந்து அளவைக் குறையவிடாம வச்சுக்கணும். ஆனா என் மாத்திரை இடம் பிடிக்கலை. ஷட்டரையே உடைச்சுப் போட்டுடுச்சு. எவ்வளவு கூட்டம் வந்தாலும் திறக்காது. நிறையக் குடிச்சா ஹால்ல இன்னும் நிறைய விஷம் சேரும், அவ்வளவுதான்."

"அப்போ ஜெயிக்க முடியாது."

"முடியாது."

"ம்" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. விளக்கை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர், இருட்டில், "மத்தியானம் ஒரு வார்த்தை சொல்லிட்டேன் மாப்பிள்ளை" என்றார். "விடுங்க மாமா" என்றேன். அந்த வார்த்தைக்கு நான் லாயக்காக இருந்த நாள்கள் ஏராளம் என்பது எனக்குத் தெரியாதா?

மறுநாள் காலை மாமியார் காபி ஃப்ளாஸ்க்கோடு வந்தார். குற்ற உணர்ச்சியில் கண் வீங்கியிருந்தது. ஆனால் கூடவே ஒரு வியாபார யோசனையும் வைத்திருந்தார். எதிர்வீட்டு மாமியின் புருஷன் குடிக்கிறாராம். "இந்த மாத்திரையை அவருக்குத் தெரியாம சாம்பார்ல கரைச்சுப் போட்டுடலாமா டாக்டர்?" என்று லேடி டாக்டரிடம் கேட்டேவிட்டார்.

டாக்டருக்கு வந்ததே கோபம்! 'குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்' என்று சுவரில் விளம்பரம் செய்கிற ஆசாமிகள் முதற்கொண்டு எல்லோருக்கும் சேர்த்து அந்த அம்மாளிடம் மாமியார் வாங்கிக்கட்டிக்கொண்டார். "உங்க மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சு சாப்பிட்டே, அரை டம்ளர் அரிஷ்டத்துக்கு இந்தக் கதி. அவருக்கு ஹார்ட் நல்லா இருக்கு, பிழைச்சார். அந்த மனுஷன் ஒண்ணும் தெரியாம சாம்பார் சாதம் சாப்பிட்டுட்டு அரை பாட்டில் குடிச்சார்னா, எதிர்வீட்டுல நீங்க பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போவீங்க!"

மாமியார் ஃப்ளாஸ்க்கை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டார்.

சனிக்கிழமை ராத்திரி ரயிலில் மூன்று டிக்கெட் மாமனாரே வாங்கி வைத்திருந்தார். மனைவி என்னிடம் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டினாள். ஸ்டேஷனில் மாமனார் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி என்னிடம் கொடுத்தார்.

ஞாயிறு காலை தாம்பரம் தாண்டியதும், நான் பழக்கதோஷத்தில் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தேன். மனைவி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். அட்டையைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். நான் விழுங்கித் தண்ணீர் குடித்தேன்.

"வாயைத் திறங்க" என்றாள்.

திறந்தேன்.

"நாக்கைத் தூக்குங்க."

நாலு மாசத்தில் ஹெட் கிளார்க்கூட நாக்குக்கு அடியில் பார்த்ததில்லை ஸார்.